பெற்றோல் ரியூப்பை எப்போது மாற்றினீர்கள்?



இந்த மாதம் ஒரு முழம்கூட நீளமில்லாத றப்பர்க் குழாய் ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். மோட்டார் சைக்கிளிலும், முச்சக்கர வண்டியிலும், தோட்டத்துத் தண்ணீர் மெசினிலும் தாங்கியில் இருந்து காபரேற்றருக்கு எரிபொருளைக் கொண்டு போகிற குழாய் அது. கராஜில் 'பெற்றோல் ரியூப்' என்பார்கள். வாழ்வாதாரம், கடன், பிள்ளைகளின் படிப்பு என்று எழுதுகிற பக்கத்தில் இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். விடியற்காலையில் மருதனார்மடம் சந்தைக்கு வந்து பார்த்தால் விளங்கும். கீரைக்கட்டும் கத்தரிக்காய்ப் பையும் ஏற்றிய ஸ்கூட்டிகளில் எத்தனை பெண்கள் வருகிறார்கள்! அந்த வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய வருமானம் நின்றுவிடும். தீப்பிடித்தால் வண்டி மட்டும் போவதில்லை.

நம்மிடம் உள்ள வண்டிகள் இளமையானவை அல்ல. 2009க்குப் பின் லீசிங்கில் எடுத்தவை பல. அதன் பிறகு, 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. சொந்தப் பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. இடையில் பழையதையே திருத்தித் திருத்தி ஓடினோம். ரயரை மாற்றினோம், பற்றரியை மாற்றினோம், பிறேக்கைப் பார்த்தோம். இந்தக் குழாய் மட்டும் பலருடைய வண்டியில் வாங்கிய நாளில் இருந்ததுதான். கிலோமீற்றர் கணக்குப் பார்த்து இது பழுதாவதில்லை. ஓடினாலும் ஓடாவிட்டாலும் இதற்கு வயது ஏறும்.

ஓடாமல் நிற்கிற வண்டியில்தான் இது கூடுதலாகக் கெடுகிறது என்பது பலருக்குத் தெரியாது. நம் ஊர்களில் எத்தனையோ வீடுகளின் பின்பத்தியில் சாக்கு மூடிய மோட்டார் சைக்கிள் ஒன்று நிற்கிறது. அது யாருடையது என்று நான் எழுதத் தேவையில்லை. விற்க மனம் வராது, ஓட்டவும் மனம் வராது. மகன் வளர்ந்து "அப்பாவின்ரை சைக்கிளை எடுத்துத் தாங்கோ அம்மா" என்று கேட்கும் நாளில்தான் சாக்கு விலகும். உடனே புதுப் பெற்றோலை ஊற்றி உதைத்துப் பார்ப்பார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வருடக்கணக்கில் காய்ந்து கிடந்த குழாய் சுருங்கி, விறைத்து, கிளிப் பிடித்திருக்கும் இடத்தில் வெடித்திருக்கும். ஊற்றிய பெற்றோல் சூடான இயந்திரத்தின் மேலேயே ஒழுகும். முதலில் குழாயை மாற்றி, தாங்கிக்குள் துரு இருக்கிறதா என்று பார்த்து, அதன் பிறகுதான் பெற்றோல்.

வெளிநாட்டில் உள்ள நம் உறவுகள் சிலர் விடுமுறைக்குக் கட்டில், அடுப்பு எல்லாம் உள்ள பெரிய வண்டிகளில் ஊர் சுற்றுவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அந்த வண்டிகள் குளிர்காலம் முழுவதும் அசையாமல் நிற்பவை. பழைய வண்டியாக இருந்தால் திரும்ப எடுக்கும்போது அங்கும் கவலைப்படுவது இந்தக் குழாயைப் பற்றித்தான். காசு உள்ள நாடு, இல்லாத நாடு என்று றப்பருக்குத் தெரியாது.

நமக்கென்று இன்னொரு தனிக் கதையும் உண்டு. 1990இல் பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோல் கண்ணால் காண முடியாத பொருளாயிற்று. சில துளி பெற்றோலில் இயந்திரத்தைக் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓடினோம். இரவில் ஜாம் போத்தல் விளக்கு. குழாய் கிழிந்தால் கையில் அகப்பட்டதை வெட்டிப் பொருத்தினோம். அந்தக் காலத்துக்கு அது கெட்டித்தனம். அதில் இருந்து வந்த பழக்கம்தான், கொஞ்சம் ஒழுகினால் துணியைச் சுற்றிவிட்டுப் போவது. மண்ணெண்ணெயோடு பழகிய அந்தக் கை பெற்றோலுக்குச் சரிவராது. மண்ணெண்ணெய் ஏறக்குறைய 38 பாகை செல்சியசுக்கு மேல் சூடானால்தான் அதன் ஆவி தீப்பற்றும். பெற்றோலின் ஆவியோ சுழியத்துக்குக் கீழே 40 பாகைக் குளிரிலும் பற்றும். அதோடு அந்த ஆவி காற்றைவிடப் பாரமானது. மேலே போய்க் கலையாது, நிலத்தோடு ஊர்ந்து பள்ளத்தில் தங்கும். வண்டியைக் குசினிச் சுவரோடு விட்டிருந்தால் அடுப்படி வரைக்கும் வரும். சாமித்தட்டில் கொளுத்திய கர்ப்பூரமும் போதும்.

சரி, எப்படிப் பார்ப்பது? இயந்திரம் ஆறிய பிறகு குழாயை விரலால் மெல்ல வளைத்துப் பாருங்கள். நல்ல குழாய் வளைந்து, விட்டதும் நிமிரும். வெளிப்புறத்தில் காய்ந்த குளத்து மண்போல வெடிப்புத் தெரிந்தாலும், தடிபோல விறைத்திருந்தாலும், அமுக்கினால் பிசுபிசுத்தாலும், நுனி உப்பியிருந்தாலும் அதன் காலம் முடிந்துவிட்டது. காலையில் வண்டியடியில் மணம் வந்தால் பார்க்கவே தேவையில்லை. முச்சக்கர வண்டி வைத்திருப்பவர்கள் இரட்டிப்புக் கவனமாக இருங்கள். நம் ஊரில் ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவற்றின் இயந்திரம் பின்புறத்தில் இருக்கிறது. அதற்கு மேலும் முன்னாலும் உள்ள இருக்கையில்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிறோம். சூட்டுக்கு அருகில் இருப்பதால் அங்கே குழாயும் விரைவாகக் காயும்.

கடையில் "பெற்றோலுக்கு உரிய குழாய்" என்று கேட்டு வாங்குங்கள். பெற்றோலைத் தாங்கும் செயற்கை றப்பர் உள்ளேயும், நூற்பின்னல் நடுவிலும் உள்ளதாக இருந்தால் நல்லது. பழைய துண்டைக் கையோடு கொண்டு போனால் உள்விட்டம் பிழைக்காது. பெரிதாக வாங்கிக் கிளிப்பால் நெரிப்பதும், சிறியதைச் சூடாக்கி இழுப்பதும் இரண்டுமே ஒழுக்குக்கு வழி. சைக்கிள் வால்வு ரியூப் பெற்றோலில் ஊறி உப்பிப் போகும். தண்ணீர் அளக்கிற கண்ணாடிக் குழாயும் சேலைன் குழாயும் முதலில் அழகாக இருக்கும், சில மாதத்தில் மஞ்சளாகி விறைத்துக் கழன்றுவிடும். காஸ் அடுப்புக் குழாயை வண்டிக்கும் வண்டிக் குழாயைக் காஸ் அடுப்புக்கும் மாற்றிப் போடவே கூடாது. 2021 நவம்பர், டிசெம்பரில் நாடெங்கும் காஸ் அடுப்புகள் வெடித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். சிலிண்டருக்குள் இருந்த வாயுக் கலவையின் விகிதம் மாறியதுதான் முக்கிய காரணமாகச் சொல்லப்பட்டது. நம் வீட்டுக் குழாயும் இணைப்பும் எவ்வளவு பலவீனமாக இருந்தன என்பதையும் பலர் அப்போதுதான் பார்த்தார்கள்.

மாற்றும் வேலை அரை மணித்தியாலத்துக்கு மேல் எடுக்காது. வெயில் ஏற முன், முற்றத்தில், அடுப்புக்கும் விளக்குக்கும் எட்ட வைத்துச் செய்யுங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். எரிகிற பெற்றோலில் தண்ணீர் ஊற்றினால் தீ மிதந்து பரவும். தாங்கியின் அடியில் உள்ள பிடியைத் திருப்பிப் பெற்றோலை மூடுங்கள். குழாயில் மிஞ்சியதைத் தகரப் பாத்திரம் ஒன்றில் வடியுங்கள். வாயால் உறிஞ்சி எடுக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. பெற்றோல் ஒரு மிடறு சுவாசப்பைக்குள் போனாலே உயிருக்கு ஆபத்து. பழைய குழாயைப் பலமாக இழுத்தால் காபரேற்றரின் மூக்கு உடைந்துவிடும், ஆகவே கத்தியால் நீளவாக்கில் கீறி உரியுங்கள். புதியதை அதே நீளத்துக்கு நேராக வெட்டி, கிளிப்புகளை முதலே கோர்த்துவிட்டு, மூக்கின் அடிவரை தள்ளிப் பொருத்துங்கள். கிளிப்பும் புதிதாக இருக்கட்டும், விலை பெரிதல்ல. இடையில் பில்ரர் இருந்தால் அதில் உள்ள அம்புக்குறி காபரேற்றர் பக்கம் பார்க்க வேண்டும். குழாய் சைலென்சரில் முட்டாமலும் தகர விளிம்பில் உராயாமலும் பழைய வழியிலேயே போக வேண்டும்.

ஸ்கூட்டிகள் சிலவற்றில் திறந்து மூடும் பிடி இல்லை. இயந்திரம் நின்றதும் தானாக அடைபடும். அவற்றில் இன்னொரு மெல்லிய குழாயும் ஓடும். அது காற்றை இழுப்பதற்கு. இரண்டையும் மாற்றிக் கொளுவினால் வண்டி ஓடாது, கழற்ற முன் ஒன்றில் நூல் கட்டி வையுங்கள். அண்மைக்கால வண்டிகளில் காபரேற்றரே இல்லை, பம்பி அழுத்தத்தோடு பெற்றோலைப் பீச்சுகிறது. அந்த வண்டியில் நாமாகக் கை வைக்கக் கூடாது. சாதாரணக் குழாய் அந்த அழுத்தத்தைத் தாங்காது.

வடித்த பழைய பெற்றோலை என்ன செய்வது? கிணற்றடியில் ஊற்றாதீர்கள். நம் காலுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றியது கீழே தண்ணீரில்தான் போய்ச் சேரும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்து, 2015இல் வலிகாமமே குடிதண்ணீருக்கு வாளியோடு திரிந்ததை நாம் பார்த்தவர்கள். கராஜில் கொடுத்தால் பாகங்கள் கழுவ எடுப்பார்கள். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் சோடாப் போத்தலில் ஒளித்து வைத்த பெற்றோல் இன்னும் எங்காவது மூலையில் இருந்தால் அதையும் அங்கேயே கொடுத்துவிடுங்கள். பிள்ளைகள் தாகத்தில் எடுக்கிற போத்தல் அது.

தமிழகத்தில் இருக்கும் உறவினருக்கும் ஒரு சொல். அங்கே பெற்றோலில் எதனோல் கலக்கும் அளவு 2025இல் 20 வீதத்தைத் தொட்டிருக்கிறது. பழைய வண்டிகளின் றப்பர்ப் பாகங்களை அது சீக்கிரம் கெடுக்கும், குழாயை அடிக்கடி பார்க்கச் சொல்லுங்கள்.

நீங்களே செய்ய விருப்பமில்லை என்றால் கராஜுக்குப் போங்கள், அதில் குறைவொன்றும் இல்லை. "தம்பி, பெற்றோல் ரியூப்பும் கிளிப்பும் மாத்த வேணும், பழசை என்னட்டைத் தாங்கோ" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். வீட்டில் ஆம்பிளை யார் என்று கேட்கிற இடமும் உண்டு. பழைய துண்டைக் கேட்டு வாங்குகிற பெண்ணிடம் அந்தக் கேள்வி பெரும்பாலும் வருவதில்லை என்று எங்கள் பெண்கள் குழுக்களில் பலர் சொல்லியிருக்கிறார்கள்.

வேலை முடிந்ததும் உடனே உதைக்க வேண்டாம். பெற்றோலைத் திறந்துவிட்டு ஐந்து நிமிடம் காத்திருந்து, இரண்டு நுனிகளையும் வெள்ளைக் கடதாசியால் துடைத்துப் பாருங்கள். பிறகு கிளப்பி, ஓடவிட்டு, நிறுத்தி, இன்னொரு தரம் துடையுங்கள். அன்றிரவு வண்டியடியில் ஒரு அட்டையை விரித்து வையுங்கள். விடிய அது காய்ந்து கிடந்தால் மரக்கறிப் பையைக் கட்டலாம்.