கன்னக்களவும் சூழ்நிலைச் சான்றும்

கன்னக்களவுக்கு நேரடிச் சாட்சி கிடைப்பது அரிது. ஆகவே சூழ்நிலைச் சான்றை மட்டும் வைத்தே தண்டிக்கலாம் என்பது நிலைபெற்ற சட்டம். ஆனால் 1984இல் சரத் பிர்திசந்த் சர்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தபடி, ஒவ்வொரு சூழ்நிலையும் தனித்தனியே ஐயமற நிரூபிக்கப்பட வேண்டும். எல்லாம் சேர்ந்து எதிரியின் குற்றத்தை மட்டுமே காட்ட வேண்டும்.

களவு வழக்கில் முதன்மையான கண்ணி, திருட்டுப் பொருள் எதிரியிடம் இருப்பது. களவு நடந்த சில நாளில் அதை வைத்திருந்து, வந்த வழி சொல்ல முடியாதவரைத் திருடர் என்றோ, தெரிந்தே வாங்கியவர் என்றோ ஊகிக்க பாரதிய சாட்சிய அதினியத்தின் 119ஆம் பிரிவு இடம் தருகிறது. கால வரம்பு பொருளுக்குப் பொருள் மாறும். எரபத்ரப்பா வழக்கில் (1983) ஓராண்டு கழித்துக் கிடைத்த நகைகளும் சேலைகளும் ஏற்கப்பட்டன. கைமாறும் வேகம் மிகுந்த செல்போனுக்கு அவ்வளவு காலம் பொருந்தாது.

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் சிப்காட் பகுதிகளின் கிடங்குகளில் இந்தக் கண்ணியின் வலிமை பொருளின் அடையாளத்தைப் பொறுத்தது. வரிசை எண்ணுள்ள மின்னணுப் பொருளை இருப்புப் பதிவேட்டோடு ஒப்பிட்டால் போதும். உறை எரிக்கப்பட்ட செம்புக் கம்பி யாருடையது என்று எவராலும் சொல்ல முடியாது. அங்கே ஊகம் தொடங்கவே வழியில்லை. உருளையில் எஞ்சிய கேபிளை, அதன் உறையில் அச்சான குறிகளோடும் வெட்டுமுனையோடும், முதல் நாளே மகஜரில் கைப்பற்றியிருந்தால் உறையோடு மீட்ட துண்டையாவது ஒப்பிட வழி இருக்கும்.

கைரேகையும் இடத்தைப் பொறுத்தது. ஒப்பந்தத் தொழிலாளி நாள்தோறும் தொடும் அடுக்கில் அவர் ரேகை இருப்பது எதையும் நிரூபிக்காது. யாருக்கும் வேலையில்லாத கூரைத் தகட்டில் இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். ஷிஃப்டுக்கு ஆயிரக்கணக்கானோர் வந்துபோகும் இடத்தில் செல்போன் கோபுரப் பதிவு துணைச் சான்று மட்டுமே. ஒப்பந்தம் முடிந்து ஒடிசாவுக்கோ பீகாருக்கோ ஊர் திரும்பியதைத் தலைமறைவு என்று எழுதுவது பெரும் அநீதி.

போலீஸ் காவலில் எதிரி தந்த வாக்குமூலத்தில் பொருளைக் கண்டெடுக்க வழிகாட்டிய பகுதி மட்டுமே செல்லும் என்பது 1946ஆம் ஆண்டின் கோட்டையா தீர்ப்பு. எவரும் புழங்கும் திறந்தவெளியில் எடுத்த பொருளை எதிரி வசம் இருந்ததாகக் கொள்ள முடியாது என்றது திரிம்பக் வழக்கு (1954). ஏரிக்கரைப் புதரில் மீட்டதாக மகஜர் எழுதுவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும். சிசிடிவி பதிவின் நகலுக்குச் சாட்சிய அதினியத்தின் 63(4) பிரிவின்படி சான்றிதழ் தேவை. சோதனையும் கைப்பற்றலும் ஒலி-ஒளிப்பதிவாக வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு.

திருடும் நோக்கில் இரவில் கன்னமிட்டால் பதினான்கு ஆண்டுகள் வரை சிறை. இவ்வளவு கடுமையான தண்டனை கோரும் அரசு வழக்கறிஞர்கள், பொருளின் அடையாளம் நிலைநாட்டப்படாத குற்றப்பத்திரிகையைத் தாக்கலுக்கு முன்பே திருப்பி அனுப்ப வேண்டும்.