கூட்டிப் பார்க்கும் உரிமை

கிருஷ்ணகிரி ஜில்லா, ஊத்தங்கரை தாலுக்காவைச் சேர்ந்த கல்லாவி போன்ற ஊர்களில் கிராம சபை கூடும்போது, ஊராட்சியின் வரவு செலவு வாசிக்கப்படுவதும், மொத்தத் தொகை இன்னது என்று அறிவிக்கப்படுவதும், வந்திருப்போர் கையெழுத்திட்டுக் கலைவதும் வழக்கம். அந்த மொத்தத்தைத் தாமே கூட்டிச் சரிபார்க்கும் வசதி ஒவ்வொரு பிரஜைக்கும் இருக்கவேண்டும் என்பதும், அதற்கான சாதனம் இலவசமாகவே கிடைத்தும் கணக்கை வெளியிடும் முறைதான் குறுக்கே நிற்கிறது என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

கூட்டல் அற்ப விஷயம் என்று கருதுவோர், எல்லைக்கு அப்பால் பெங்களூரில் நடந்த சொத்துக் குவிப்பு வழக்கை நினைவுகூர வேண்டும். ஓசூர்ச் சாலையை அடுத்த பரப்பன அக்ரகாரத்தில் 2014 செப்டம்பர் 27 அன்று ஜெயலலிதா முதலிய நால்வருக்கு விதிக்கப்பட்ட தண்டனையை, 2015 மே 11 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அத்தீர்ப்பில் பத்துக் கடன்களை வரிசையாக எழுதி, அவற்றின் மொத்தம் 24,17,31,274 ரூபாய் என்று கண்டிருந்தது. வரிசையைக் கூட்டினாலோ 10,67,31,274 ரூபாய்தான் வருகிறது. இப்படி மிகுந்துவிட்ட பதின்மூன்றரைக் கோடி வருமானத்தில் சேர்ந்ததனால், வருமானத்திற்கு மிஞ்சிய சொத்து 8.12 சதவிகிதமே என்றும், அது பத்து சதவிகித வரம்புக்குள் அடங்குவது என்றும் முடிவாயிற்று; அதே கணக்கில் கூட்டலை மட்டும் திருத்தினால் விகிதம் 76ஐத் தாண்டுகிறது. அரசுத் தரப்பு வழக்கறிஞர் பி.வி. ஆச்சார்யா உடனே இதைச் சுட்டிக்காட்டினார். 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் இப்பிழையையும் எடுத்துக்காட்டி அந்தத் தீர்ப்பைத் தள்ளிற்று. பத்தே வரிகள்! ஆனால் இடைப்பட்ட காலம் ஒன்றே முக்கால் வருஷம்.

இத்தகைய கூட்டலுக்கென்றே உகந்த ஒரு கணினிக் கருவியை 1977இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஆஹோ, வைன்பர்கர், கெர்னிகன் என்னும் மூவர் இயற்றினர். ‘ஆக்’ என்னும் அக்கருவி, கோப்பை ஒவ்வொரு வரியாக வாசித்து, இடைவெளி கண்ட இடங்களில் வரியைப் பத்திகளாகப் பிரித்து, நாம் குறிப்பிட்ட பத்தியின் எண்ணைச் சேர்த்துக்கொண்டே சென்று, கடைசி வரி முடிந்ததும் மொத்தத்தைச் சொல்லும். இதற்கு விசைப்பலகையில் ஒரு வரி அடித்தால் போதும். பத்து வரியானாலும் பத்து லட்சம் வரியானாலும் கட்டளை மாறுவதில்லை. அக்கட்டளையை யாரும் வாசித்துப் பார்க்கலாம், தம் கணினியில் மீண்டும் நடத்திப் பார்க்கலாம் என்பதே இதன் விசேஷம். லினக்ஸ் உள்ள கணினிகளில் இது பெரும்பாலும் முன்னதாகவே இருக்கிறது.

ஆனால் இதில் கவனிக்கவேண்டிய ஓர் அபாயம் உண்டு. நம் தேசத்துக் கணக்குகளுக்கு அது விசேஷமாகப் பொருந்தும். கோடியையும் லட்சத்தையும் பிரித்துக் காட்ட நாம் இடும் காற்புள்ளியைக் கண்டதும் ‘ஆக்’ அந்த எண் முடிந்துவிட்டதாகக் கொள்ளும். 1,50,00,000 என்பதை வெறும் ஒன்று என்று எண்ணும். அதைப்பற்றி ஓர் எச்சரிக்கையும் தராது. ஆகவே காற்புள்ளிகளை முதலில் நீக்கியாக வேண்டும். அதற்கென்று ‘செட்’, ‘டிஆர்’ என்னும் துணைக் கருவிகள் இருக்கின்றன. பைசாக் கணக்கு இருந்தால், தசமப் புள்ளியோடு கூட்டாமல், எல்லாவற்றையும் பைசாவாகவே மாற்றிக் கூட்டுவது உத்தமம்; ஏனெனில் கணினி 0.10 போன்ற பின்னங்களைத் துல்லியமாக வைத்துக்கொள்வதில்லை.

இவ்வளவு எளிய சாதனமும் படத்தின் முன் செயலற்றுப்போகிறது. முத்திரையும் கையெழுத்துமாக ஒளிநகல் எடுத்து வலைத்தளத்தில் ஏற்றிய கணக்கு, கண்ணுக்கு எண்ணாகத் தோன்றினாலும் கணினிக்கு வெறும் சித்திரமே; அதிலுள்ள எண்களைக் கையால் திரும்ப அடிக்க முயலும் பொழுது புதுப் பிழைகள் புகுந்துவிடுகின்றன. முத்திரையிட்ட பிரதி சட்டத்துக்கு அவசியம்தான்; அதனோடு, அது தயாரான கணினியிலேயே இருக்கும் எண்களை ஓர் எளிய உரைக்கோப்பாகவும் வெளியிடுவதில் சர்க்காருக்கு என்ன சிரமம்? வரிக்கு ஓர் இனம், வரியின் கடைசியில் காற்புள்ளியில்லாத தொகை என்ற ஒழுங்கு போதும். இதைக் கிராம சபைக்கு ஒரு வாரம் முன்பாகவே ஊராட்சிகள் வெளியிட வேண்டும் என்று ஊரக வளர்ச்சித் துறை உத்தரவிட்டால், வரும் அக்டோபர் 2 கூட்டத்திற்குக் கல்லாவியின் மேல்நிலை வகுப்பு மாணவி ஒருத்தி, மொத்தத்தை முன்கூட்டியே சரிபார்த்துக்கொண்டு வரலாம்.