'டக்' சத்தம் கேட்குதா?

காரில் ஏ.சி. வேலை செய்யவில்லை என்று நாலு பேர் இருக்கும் இடத்தில் சொல்லிப் பாருங்கள். நாலு பேரும் கோரஸாக, ''கேஸ் போயிருக்கும்'' என்பார்கள். அவர்களில் மூன்று பேருக்கு கார் கிடையாது. ஒருவருக்கு சைக்கிள்கூடக் கிடையாது.

எங்கள் மயிலாடியில் காற்றுக்குப் பஞ்சமில்லை. ஆரல்வாய்மொழி கணவாய்க் காற்றில்தான் முப்பந்தல் காற்றாலைகளே சுற்றுகின்றன. ''பிறகு எதுக்கு ஏ.சி.? கண்ணாடியை இறக்கினா போதாதா?'' என்று கேட்பீர்கள். சிற்பக்கூடம் இருக்கும் ரோட்டில் இறக்கிப் பாருங்கள். வீடு போய்ச் சேரும்போது நீங்களும் பாதி செதுக்கின சிலை மாதிரி இருப்பீர்கள்.

காரில் முதன்முதலாக ஏ.சி. வைத்து விற்றது அமெரிக்காவின் பேக்கார்டு கம்பெனி, 1939-ல். விலை 274 டாலர். டிக்கியில் பாதியை ஏ.சி.யே அடைத்துக்கொண்டது. அதுகூடப் பரவாயில்லை. அதை நிறுத்த வேண்டுமானால் காரை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும்!

இந்தத் தொல்லை தீர வந்ததுதான் மேக்னடிக் க்ளட்ச். பெல்ட் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஸ்விட்சைப் போட்டதும் கரண்டு பாய்ந்து, ஒரு காயில் காந்தமாகி, கம்ப்ரஸரை 'டக்'கென்று பிடித்துக்கொள்ளும். அந்தச் சத்தம்தான் நாடித்துடிப்பு. (சில புது மாடல்களில் க்ளட்ச் கிடையாது. அவை 'டக்' சொல்லாது.)

எங்கள் ஊர்ச் சிற்பிகள் உளியை எடுக்கும் முன் கல்லைத் தட்டிக் கேட்பார்கள். உள்ளே விரிசல் இருந்தால் ஒலியே காட்டிக் கொடுத்துவிடும். நீங்களும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

நான் பி.காம். ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகாவிட்டால் புது லெட்ஜர் வாங்கு என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வரிவரியாகப் பார் என்றுதான் சொன்னார்கள். அப்படியே பார்ப்போம்.

முதலில் ப்ளோயர். அது ஒன்றாம் நம்பரிலாவது ஓடினால்தான் பெரும்பாலான கார்களில் ஏ.சி. கிளம்பும். ப்ளோயரே சுற்றவில்லையா? அதற்கும் கேஸுக்கும் ஸ்நானப்ராப்தி கிடையாது. அதன் ஃப்யூஸைப் பாருங்கள்.

ப்ளோயர் ஓடுகிறது, 'டக்' இல்லையா? ஏ.சி. ஃப்யூஸ், அப்புறம் ரிலே. ஹாரனுக்கும் அதே நம்பர் ரிலே இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். ஏ.சி. கிளம்பி ஹாரன் ஊமையானால் குற்றவாளி அகப்பட்டான்! ஃப்யூஸ் எரிந்திருந்தால் அதே ஆம்பியரில் மாற்றுங்கள். மறுபடி எரிந்தால் அதோடு நிறுத்துங்கள். கம்பியைச் சுற்றிப் போட்டால் ஏ.சி. கேட்டவருக்குத் தீதான் கிடைக்கும்.

அதற்கும் பிறகுதான் கேஸ். அழுத்தம் குறைந்தால் ப்ரெஷர் ஸ்விட்ச் கம்ப்ரஸரை ஓடவிடாது. முன்னால் கண்டென்ஸரில் தூசி அடைத்தோ, அதன் ஃபேன் நின்றோ அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறினாலும் விடாது. ஆக, அந்த நாலு பேர் சொன்னது சில சமயம் சரிதான். ஆனால் கேஸ், பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்கிற சமாசாரம் அல்ல. மூடின குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். ''கேஸ் பிடிச்சிரலாம் சார்'' என்றால், ''லீக் எங்கே?'' என்று கேளுங்கள். நீங்களே பிடிக்கக் கிளம்பாதீர்கள். தோலில் பட்டால் உறைய வைத்துவிடும்.

இதெல்லாம் எதற்கு என்கிறீர்களா? என் தங்கைக்கு ஏழாம் மாசம். வளைகாப்புக்குத் திருநெல்வேலியிலிருந்து அழைத்து வரவேண்டும். சித்திரை வெயில். கிளம்புவதற்கு முந்தின நாள் மாப்பிள்ளையின் காரில் ஏ.சி. அவுட். ஒரு ஒர்க்‌ஷாப்பில் பானெட்டைக்கூடத் திறக்காமல், ''கம்ப்ரஸர் போச்சு. இருபத்தெட்டாயிரம் ஆகும்'' என்றார்கள். பிரசவத்துக்கென்று மாப்பிள்ளை எடுத்து வைத்திருந்த பணமே ஏறக்குறைய அவ்வளவுதான். மனுஷன் முகத்தில் ஈயாடவில்லை. தங்கை, ''ஏ.சி.யும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்ணே. பஸ்ஸுலயே வந்திருதேன்'' என்றாள்.

பக்கத்துத் தெரு எலெக்ட்ரீஷியன் அண்ணாச்சி வந்தார். ஆயுதம், ஒரு டெஸ்ட் லைட். ஃப்யூஸிலிருந்து கரண்டு வரும் வழியில் ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டே போனவர், ப்ரெஷர் ஸ்விட்ச்சுக்குப் போகும் ஒயரைத் தூக்கிக் காட்டினார். எலி கடித்திருந்தது.

''கம்ப்ரஸருக்கு ஒரு கேடும் இல்ல. கரண்டு வந்தாத்தானே அது ஓடும்?''

ஒயரை ஒட்டி டேப் சுற்ற இருநூறு ரூபாய். 'டக்!' அதைவிட இனிமையான நாதஸ்வரத்தை மாப்பிள்ளை தன் கல்யாணத்தில்கூடக் கேட்டிருக்கமாட்டார்.

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை நமக்குத் தெரியும். எலி கடித்ததற்குக் கம்ப்ரஸரை மாற்றும் கதையும் நாட்டில் நடக்கிறது. 'டக்' வருகிறதா? வராவிட்டால், கரண்டு எதுவரை வந்தது? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லாதவரிடம் பர்ஸைத் திறக்காதீர்கள்.

மறுநாள் நாங்குநேரி தாண்டியதும் தங்கை சொன்னாள்: ''அண்ணே, குளிருது. ஏ.சி.யை அணைங்க.''

நல்லவேளை, பேக்கார்டு இல்லை. ஸ்விட்ச் இருந்தது!