அடி தட்டுது சரி, ஆர் தட்டிக் கேட்கிறது?

“இந்த ரோட்டுக்கு உந்தக் காரோ?”

தாழ்வான கார் வைத்திருக்கிற எந்தப் பெடியனும் வன்னியில் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. கராஜில் கேட்பார்கள், தேத்தண்ணிக் கடையில் கேட்பார்கள், கலியாண வீட்டில் சொந்தக்காரர் கேட்பார்கள். கேட்கிறவைக்குப் பதில் தேவையில்லை. காசுக் கொழுப்பு எண்டு சொல்லாமல் சொல்லுற முறை அது. நாங்கள் அந்தக் கேள்வியை அப்பிடியே திருப்பிப் போடுகிறம்: இந்தக் காருக்கு இந்த ரோட்டோ?

கார்க்காரருக்குக் கொடி பிடிக்க இந்தப் பதிவு எழுதப்படவில்லை எண்டதை முதலே சொல்லிவிடுகிறம். எங்களில் கனபேரிடம் இருப்பது மோட்டார் சைக்கிள். 2020 மார்ச்சில் நிறுத்தின வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடையில் பழைய காரின்ர விலைகூட எங்கேயோ போய்விட்டது. இந்த நிலைமையில் ரெண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினவன் ஒண்டில் வெளிநாட்டுக் காசில் வாங்கியிருப்பான், இல்லாட்டி லீசிங்கில் வாங்கிவிட்டு மாசாமாசம் கட்டுக்காசுக்கு ஓடித் திரிவான். அவனுக்காக நாங்கள் அழத் தேவையில்லை. ஆனால் அவன்ர காரின்ர முன் அடி எங்கே தட்டுது எண்டதை ஒருக்கா வடிவாகப் பார்க்க வேணும்.

கணக்கு லேசானது. முன் சில்லு நிலத்தைத் தொடுகிற இடத்திலிருந்து பம்பர் 90 சென்ரிமீற்றர் முன்னுக்கு நீட்டிக்கொண்டு நிற்குது எண்டு வையுங்கோ. பம்பரின்ர கீழ் விளிம்பு நிலத்திலிருந்து 15 சென்ரிமீற்றர் உயரம் எண்டால், தட்டாமல் ஏறக்கூடிய சரிவு 9 பாகை சொச்சம். அதே பம்பருக்குக் கீழே வடிவுக்கு ஒரு ‘லிப்’ பூட்டி 10 சென்ரிமீற்றருக்கு இறக்கினால் 6 பாகைதான் மிச்சம். இப்ப ஒரு மீற்றர் நீளத்துக்குள் 15 சென்ரிமீற்றர் உயருகிற ஏற்றம் ஒன்று வருகுது. அது எட்டரைப் பாகை. முதலாவது கார் மயிரிழையில் தப்பும். மற்றது உரஞ்சும்.

அப்பிடியான ஏற்றம் வன்னியில் எங்கே இருக்கு? ஏ9 இல் வவுனியாவிலிருந்து முகமாலை வரைக்கும் ஓடினால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. ஏ9 ஐ விட்டு உள்ளே திரும்பும்போதுதான் வினை. காப்பற் போட்டு உயர்ந்த பெரிய ரோட்டிலிருந்து கிறவல் ஒழுங்கைக்கு இறங்குகிற விளிம்பு. மதகுக்கு மேல் கொங்கிறீற் அப்பிடியே நிற்க, ரெண்டு பக்கமும் மழைக்குக் கரைஞ்சு போன இடம். அளவில்லாமல் கொட்டி இறுக்கின வேகத்தடை. மணல் டிப்பர் ஓடி ஓடி ரெண்டு பக்கமும் தடம் பதிஞ்சு, நடுவில் திட்டி ஏறின குளக்கட்டு ரோட்டு. முதல் மூன்றிலும் பம்பர் தட்டும். நாலாவதில் எஞ்சினின்ர ஒயில் சம்ப் தட்டும். பம்பர் உரஞ்சினால் பெயின்ற்றோட போகும். சம்ப் வெடிச்சால் ஒயில் முழுக்க ஓடி எஞ்சினே இறுகிப்போகும்.

அதனால் அடிக்குப் பாதுகாப்பு பூட்டாதேங்கோ எண்டு நாங்கள் சொல்லவில்லை. பூட்டுகிறதெண்டால் விளங்கிப் பூட்டுங்கோ. கம்பனி போட்டுவிட்ட பிளாஸ்ரிக் அடிமூடி தொங்கினவுடன கழற்றி எறிகிறவை கனபேர். அது காற்றை றேடியேற்றர் பக்கம் திருப்புகிற, சேறும் கல்லும் உள்ளே போகாமல் தடுக்கிற சாமான். கிளிப்புகளை மாற்றித் திரும்பப் பூட்டுங்கோ. பம்பர் விளிம்புக்குக் கீழே தேய்ஞ்சு போகவெண்டே ஒரு பிளாஸ்ரிக் கீலம் பூட்டலாம். தண்ணி பிடிக்கிற நீலப் பரலை வெட்டியும் அதைச் செய்யலாம். நல்லா வழுக்கும், தேய்ஞ்சால் அடுத்ததைப் பூட்டலாம். அடியில் தகடு போடுகிறதெண்டால் பாரம் குறைஞ்ச அலுமினியம் நல்லது. அதை எஞ்சினைத் தாங்குகிற சட்டத்தில் பூட்ட வேணும். பம்பரிலோ றேடியேற்றர் தாங்கியிலோ இரும்புத் தகட்டை வெல்ட் பண்ணினால், அடி விழும்போது தகடு தப்பும், றேடியேற்றர் போகும். ஒயில் கழற்றுகிற நட்டுக்கும் சூடு போகிறதுக்கும் ஓட்டை விடுவிக்க மறவாதேங்கோ.

ஓட்டுகிறதிலும் விசயம் இருக்கு. பிரேக் அடிச்சால் காரின்ர மூக்கு தாழும். ஆனபடியால் வேகத்தடைக்கு முன்னமே வேகத்தைக் குறைச்சு, ஏறேக்க பிரேக்கை விட வேணும். பின்னுக்கு வாகனம் இல்லையெண்டால் சரிவாக எடுத்து ஒரு சில்லை முதல் ஏற்றுங்கோ. பலமாகத் தட்டினால் இறங்கிக் குனிஞ்சு பாருங்கோ. ஒயில் லைற் பத்தினால் அந்த இடத்திலேயே எஞ்சினை நிப்பாட்டுங்கோ. வீடு கிட்டத்தானே எண்டு ஓடிப் பார்க்கிறதுதான் எஞ்சினைத் தின்னுகிறது.

சரி, எல்லாம் பூட்டியாச்சு, பழகியாச்சு. நடந்தது என்ன? ரோட்டின்ர பிழையை ஒருத்தன் தன்ர காசில் மூடிக்கொண்டு போகிறான். எங்கட ஊரில் எல்லாத்துக்கும் இதுதானே வழக்கம்? குழாய்த் தண்ணி வராட்டி போத்தல் தண்ணி. பள்ளிக்கூடத்தில் படிப்பிக்காட்டி ரியூசன். கரண்ட் நிண்டால் ஜெனரேற்றர். ரோட்டு சரியில்லாட்டி தகடு. காசிருக்கிறவன் பூட்டிக்கொண்டு போவான், இல்லாதவன் பழகிப்போவான். பிறகு கேட்கிறதுக்கு ஆர் மிச்சம்?

இன்னொன்றையும் கவனியுங்கோ. ரோட்டைப் பற்றித் தீர்மானிக்கிற ஆக்கள் எதில் வருகினம்? ஹைலக்ஸ், லாண்ட் குரூசர், டிபென்டர். யுத்தம் முடிஞ்ச காலத்திலிருந்து வன்னிக்கு வந்த அதிகாரமும் உதவியும் ஆய்வும் உயரமான வாகனத்தில்தான் வந்து போகுது. அந்த இருக்கையில் இருக்கிறவருக்கு மதகு விளிம்பு ஒரு சின்னக் குலுக்கல். திட்டி இருக்கெண்டே தெரியாது. அடி தட்டாதவைக்கு ரோட்டு எப்பவும் நல்ல ரோட்டுத்தான். தாழ்ந்த கார் ஒன்று அதே இடத்தில் போடுகிற சத்தம், எழுதப்படாத ஒரு ஆய்வறிக்கை.

அந்தச் சத்தத்தைச் சிரிச்சுக் கடக்க ஏலாமல் இருக்கிறதுக்குக் காரணம், காருக்கு வெளியில் இருக்கு. சக்கர நாற்காலியின்ர கால் தட்டைப் பார்த்திருக்கிறீங்களா? நிலத்திலிருந்து சில சென்ரிமீற்றர் உயரத்தில் முன்னுக்கு நீட்டிக்கொண்டு நிற்கும். அதுக்கும் ஒரு முன் அடி இருக்கு. கார் உரஞ்சுகிற அதே விளிம்பில் அது முட்டும். கார் முட்டினால் பம்பர் கீறும். நாற்காலி முட்டினால் ஆள் முகங்குப்புற விழுவார். யுத்தத்தில் காலை இழந்தவர்களும் முள்ளந்தண்டில் அடிபட்டவர்களும் எத்தனை பேர் எங்கட ஒழுங்கைகளுக்குள் இருக்கினம் எண்டு நாங்கள் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேணுமெண்டில்லை. வயித்துப் பிள்ளையோட ஓட்டோவில் கிளினிக் போகிற அக்காவின்ர முதுகும், 1990 அம்புலன்சில் படுத்திருக்கிற நோயாளியின்ர உடம்பும் அந்த விளிம்பை அறியும். அவை ஆருக்கும் அடித்தகடு விற்கிறதில்லை.

சக்கர நாற்காலிக்கான சாய்தளத்துக்கு உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட கணக்கு ஒண்டுக்குப் பன்னிரண்டு. 15 சென்ரிமீற்றர் உயரத்துக்கு 180 சென்ரிமீற்றர் நீளம். பாகையில் பார்த்தால் அஞ்சுக்கும் குறைவு. மேலே சொன்ன 6 பாகைக் காரும் அதில் உரஞ்சாமல் ஏறும். அதாவது நாற்காலிக்குச் சரியாகக் கட்டினால், கார்க்காரனுக்குத் தனியாக ஒன்றும் கட்டத் தேவையில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கிற 28ஆம் இலக்கச் சட்டம் வந்தது 1996 இல். பொது இடங்களுக்கான அணுகல் ஒழுங்குவிதிகள் 2006 இல். எங்கட மதகு விளிம்புகளுக்கு இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை.

“வீடில்லாத சனம் இருக்கேக்க, காணி விடுபடாமல் இருக்கேக்க, விளிம்பைப் பற்றிக் கதைக்கிறியளோ?” எண்டு கேட்பினம். இந்தக் கேள்வியை நாங்கள் மதிக்கிறம். ஆனால் பெரிய பிரச்சினையைக் காட்டிச் சின்னதை ஒதுக்கியே எங்களைப் பழக்கிப்போட்டினம். பெரியதும் வரவில்லை, சின்னதும் வரவில்லை. வட்டுவாகல் பாலத்தைப் பாருங்கோ. 2009 மே மாதத்தில் லட்சக்கணக்கான சனம் நடந்து கடந்த பாலம். புதுப் பாலத்துக்கு வேலை தொடங்கினது 2025 செப்டெம்பரில். பதினாறு வருசம். பொறுமையாக இருந்தால் தானாக வரும் எண்டு இனியும் நம்புகிறதுக்கு எங்களுக்கு வயசு காணாது.

ஆரைக் கேட்கிறது? இதுதான் எங்களை ஓடவிடுகிற இடம். ஏ, பி தர ரோட்டுகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சி, டி தரம் மாகாணத்துக்குரியது. உள்ளூர் ஒழுங்கைகள் பிரதேச சபைக்கு. கார் தட்டுகிற விளிம்பு பெரும்பாலும் இவையில் ரெண்டு பேரின்ர எல்லை சந்திக்கிற இடம். காப்பற் போட்டவர் தன்ர அகலத்தோட நிப்பாட்டிவிட்டுப் போவார், ஒழுங்கைக்காரர் அது எங்கட வேலையில்லை எண்டுவார். வட மாகாண சபையின்ர காலம் 2018 ஒக்ரோபரில் முடிஞ்சது, அதுக்குப் பிறகு தேர்தலே நடக்கவில்லை. பிரதேச சபைகள் 2023 மார்ச்சோட கலைஞ்சு, 2025 மே 6 தேர்தலில்தான் திரும்ப வந்தன. அவையின்ர வேட்பாளர்கள் எங்கட ஒழுங்கைகளுக்குள் நடந்து வந்துதான் வாக்குக் கேட்டவை. நடந்து வந்த கால் அந்த விளிம்பை மறந்திருக்காது.

நாங்கள் கேட்கிறது பெரிய அபிவிருத்தியும் இல்லை, நாடா வெட்டுகிற விழாவும் இல்லை. பெரிய ரோட்டில் சேருகிற ஒவ்வொரு ஒழுங்கை வாயிலும், ஒவ்வொரு மதகின்ர ரெண்டு பக்கமும், ஒண்டுக்குப் பன்னிரண்டு கணக்கில் ஒரு சரிவு. மழைக்கு முன்னம் போட வேணும். ரெண்டு பேரின்ர எல்லை எண்டால் ரெண்டு பேரும் சேர்ந்து போட வேணும்.

இதுக்கு உங்களிடம் ஒரு வேலை. உங்கட ஒழுங்கை வாயில் ஒரு அடிமட்டத்தையும் அளவு நாடாவையும் கொண்டுபோய் உயரத்தையும் நீளத்தையும் அளந்து படம் எடுங்கோ. பிறகு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், இந்த இடம் ஆருக்குரியது, கடைசியாக எப்ப திருத்தினது எண்டு பிரதேச சபைக்கும் வீதி அதிகார சபைக்கும் ஒரே நாளில் எழுதுங்கோ. 14 வேலை நாட்களுக்குள் அவை முடிவு சொல்ல வேணும். ரெண்டு பேரும் “எங்களது இல்லை” எண்டு எழுதினால், அந்த ரெண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைச்சு ஊருக்குக் காட்டுங்கோ.

தாழ்ந்த கார் வைச்சிருக்கிற தம்பி, நீயும் வா. தகடு பூட்டின காரையும் கொண்டு வா. உன்ர பம்பரில் இருக்கிற கீறல்தான் எங்களிடம் இருக்கிற முதல் சாட்சி.