கையெழுத்துப் போட்டுவிட்டுக் கம்பியைப் பிடியுங்கள்

அபூர்வ சக்தி உண்டென்று சொல்பவர்களைச் சோதித்த கதை என்றாலே பலருக்கும் பித்தலாட்டக்காரர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். கரண்டியை வளைத்தவர், வெறுங்கையில் விபூதி வரவழைத்தவர், மேடையில் கையும் களவுமாக மாட்டியவர். அவர்கள்மேல் எனக்கு அவ்வளவாக ஈடுபாடில்லை. ஏமாற்றுகிறவன் ஏமாற்றுகிறான், பிடித்தால் மாட்டுகிறான். அதில் யோசிக்க அதிகமில்லை. என்னை யோசிக்கவைப்பவர்கள் வேறு ஒரு கூட்டம். நேர்மையானவர்கள். காசுக்கு அலையாதவர்கள். ‘வந்து சோதித்துப் பாருங்கள்’ என்று தாங்களே முன்வருபவர்கள். தோற்றுப்போனால் நம்மைவிட அதிகமாகத் திகைத்து நிற்பவர்கள்.

அந்தக் கூட்டத்தின் முன்வரிசையில் நிற்பவர்கள், குச்சியும் கம்பியும் தேங்காயும் வைத்து நிலத்தடி நீரோட்டம் பார்க்கிறவர்கள்.

கனடாவில் பிறந்த மேஜிக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டி, அபூர்வ சக்தியை நிரூபிப்பவருக்கு 1,000 டாலர் தருவதாக 1964-இல் அறிவித்தார். அந்தப் பரிசு வளர்ந்து 1996-இல் 10 லட்சம் டாலர் ஆனது. 2015-இல் முடித்துக்கொள்ளும்வரை ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். முதற்கட்டச் சோதனையைக்கூட ஒருவரும் தாண்டவில்லை. விண்ணப்பித்தவர்களில் கவட்டைக் குச்சியோடும் வளைந்த கம்பியோடும் வந்தவர்களே மிக அதிகம் என்பது ராண்டியின் அனுபவம். அவர்களில் பெரும்பாலோர் உண்மையிலேயே நம்பி வந்தவர்கள் என்றும் அவர் சொல்லிவந்தார்.

1990-இல் ஜெர்மனியின் காசல் நகரில் நடந்த சோதனையைப் பார்ப்போம். சமதளமான ஒரு வயல். அரை மீட்டர் ஆழத்தில் பிளாஸ்டிக் குழாய்கள். குழாய் போகும் தடத்தைக்கூட மறைக்கவில்லை. தரையில் வண்ணப் பட்டை போட்டுக் காட்டியிருந்தார்கள். கேள்வி ஒன்றே ஒன்று: இந்த நேரத்தில் இந்தக் குழாயில் தண்ணீர் ஓடுகிறதா, இல்லையா? ஏறக்குறைய 30 பேர் வந்திருந்தார்கள். மூன்று நாள் நடந்தது. ஜெயிப்பவருக்கு 10,000 டாலர் தர ராண்டி தயாராக இருந்தார். கம்பியைக் கையில் எடுப்பதற்கு முன்பே எல்லாரும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார்கள். ‘இது நியாயமான சோதனைதான், எங்களுக்கு நூற்றுக்கு நூறு வரும்’ என்பது அதன் சாரம். முடிவு? காசைச் சுண்டிவிட்டுச் சொல்லியிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும்.

அந்தக் கையெழுத்தின் அருமை தெரிய, அதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் முன்னால் அதே நாட்டில் நடந்த இன்னொரு சோதனையைப் பக்கத்தில் வைக்க வேண்டும். மூனிக் நகருக்கு அருகே ஒரு பெரிய களஞ்சியக் கட்டடம். கீழ்த்தளத்தில் 10 மீட்டர் நீளக் கோட்டில், நீர்க்குழாய் பூட்டிய வண்டி ஒன்றை இங்கும் அங்கும் நகர்த்துவார்கள். மேல்தளத்தில் நடப்பவர் குழாய் எந்த இடத்துக்கு நேர்கீழே இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அரசுப் பணத்தில் நடந்த ஆய்வு. ஏறக்குறைய 500 பேரை முதலில் பார்த்து, அவர்களில் தேறிய 43 பேரை வைத்து 843 முறை சோதித்தார்கள். பெரும்பாலோருக்கு எதுவும் வரவில்லை என்பதை ஆய்வாளர்களே ஒப்புக்கொண்டார்கள். ஆனால் ஒரு சிலருக்கு மட்டும் அந்தத் திறமை சந்தேகமில்லாமல் இருக்கிறது என்று முடிவு எழுதினார்கள்.

அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிலையத்தைச் சேர்ந்த ஜிம் என்ரைட் அதே எண்களை எடுத்து மறுபடி அலசினார். தேர்ந்தவர்கள் என்று காட்டப்பட்டவர்களே அடுத்த சுற்றில் சறுக்கியிருந்தார்கள். கம்பியே இல்லாமல் ஒவ்வொரு முறையும் ‘நட்டநடுவில்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும் ஒருவரைவிட, அவர்களில் மிகச் சிறந்தவர்கள் சராசரியாக 4 மில்லிமீட்டர்தான் நெருங்கியிருந்தார்கள். 10 மீட்டரில் 4 மில்லிமீட்டர்! இதை நம்பிக் கிணறு வெட்ட முடியாது.

மூனிக் ஆய்வாளர்கள் பொய் சொல்லவில்லை. 843 முறை எறிந்தால் சில எறிகள் இலக்குக்குப் பக்கத்தில் விழத்தான் செய்யும். விழுந்த பிறகு அந்த எறிகளைப் பொறுக்கி, எறிந்தவர்களுக்கு மாலை போட்டார்கள். காசலில் மாலைக்கு உரியவர் யார் என்பதை எறிவதற்கு முன்பே எழுதிவைத்தார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் அவ்வளவுதான். சோதனையின் உயிர் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

சரி, பொய் சொல்லாதவர் கையில் கம்பி ஏன் ஆடுகிறது? இதற்கு விடை கிடைத்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. 1850-களில் லண்டன் வீடுகளில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கைகளை அதன்மேல் வைத்து ஆவிகளை அழைக்கும் மோகம் பரவியிருந்தது. மேசை தானாக நகரும். விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 1853-இல் இதைச் சோதித்தார். மேசைக்கும் கைகளுக்கும் நடுவே, நழுவக்கூடிய பசையால் ஒட்டிய அட்டைகளை அடுக்கிவைத்தார். மேசை இழுத்துக் கை போயிருந்தால் அடி அட்டை முந்தியிருக்க வேண்டும். முந்தியது மேல் அட்டை. அதாவது தள்ளியது கை. பிறகு, கை சற்றே தள்ளினாலும் அசைந்து காட்டும் ஒரு முள்ளை உட்கார்ந்திருப்பவர்களின் கண்முன் பொருத்தினார். முள்ளைப் பார்க்க ஆரம்பித்ததும் மேசை நகர்வது நின்றது. அங்கிருந்த யாரும் ஏமாற்றுக்காரர் இல்லை. தம் கை தள்ளுவது அவர்களுக்கே தெரியவில்லை.

கவட்டைக் குச்சியை விறைப்பாக வளைத்துப் பிடிப்பதும், எல் வடிவக் கம்பியை முஷ்டிக்குள் தளர்வாக நிறுத்துவதும், தேங்காயை உள்ளங்கையில் படுக்கவைப்பதும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. மணிக்கட்டு ஒரு இம்மி சாய்ந்தால் போதும், கம்பி சுழலும், தேங்காய் எழுந்து நிற்கும். ‘இங்கே இருக்கும்’ என்று மனம் நினைத்த இடத்தில் கை சாய்கிறது. சாய்ந்தது தெரியாததால், தனக்கு வெளியே இருக்கும் ஏதோ ஒன்று இழுப்பதாகத் தோன்றுகிறது.

எங்கள் பெரியப்பா தோட்டத்தில் போர் போடப் பாயிண்ட் பார்க்க வந்த பெரியவரும் அப்படிப்பட்டவர்தான். பஸ் காசுக்கு மேல் ஒரு ரூபாய் வாங்க மாட்டார். “நீங்க சொல்லித் தண்ணி வராமப் போன இடமும் இருக்குமுங்களா?” என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. “வராமப் போகுமா கண்ணு? இன்னொரு நூறடி எறக்கியிருந்தா வந்திருக்கும். பாதியில நிறுத்திப்போட்டாங்க” என்றார். பொய் துளியும் இல்லாத பதில். ஆனால் அவர் சொன்னது தப்பு என்று காட்டக்கூடிய ஒரு துளையை இந்தப் பூமியில் எங்கேயும் போட முடியாது.

கொங்குச் சீமையில் பாயிண்ட் பார்ப்பது சாதாரண விஷயமில்லை. தமிழகத்தின் பெரும்பகுதி கடினப் பாறை. மேலே சிதைந்த பாறையிலும், கீழே அங்கங்கே ஓடும் வெடிப்புகளிலும்தான் நீர் நிற்கிறது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆயிரம் அடிக்கும் கீழே இறங்கியும் வெறும் புழுதியைக் கக்கிய கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. அடிக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுக் கடன் வாங்கிய விவசாயிக்கு, நிலநீர் நிபுணரின் மின்தடைக் கருவியானாலும் தேங்காயானாலும் ஒரு பிடிமானம் வேண்டும். தேங்காய்க்காரரும் கண்ணை வீட்டில் கழற்றிவைத்துவிட்டு வருவதில்லை. பள்ளம் எந்தப் பக்கம், எந்த மரம் செழித்து நிற்கிறது, புற்று எங்கே, பக்கத்துத் தோட்டத்துக் கிணறு எப்படி என்பதெல்லாம் ஐம்பது வருஷப் பழக்கத்தில் அவருக்குள் ஊறியிருக்கும். மரத்தையும் புற்றையும் பார்த்து நீர் அறியும் முறைக்கு, 6-ஆம் நூற்றாண்டு வராகமிகிரர் தம் பிருகத் சம்ஹிதையில் ஓர் அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார். அது சரியோ தப்போ, உற்றுப் பார்ப்பதால் வரும் அறிவு. காசல் வயலில் அந்தத் தடயங்கள் அத்தனையையும் எடுத்துவிட்டு, கம்பியை மட்டும் தனியாக நிறுத்திக் கேட்டார்கள். கம்பிக்குச் சொல்ல எதுவும் இல்லை.

இப்படிக் கேட்கும் மரபு நமக்கு அந்நியமானதும் அல்ல. திருவல்லாவில் 1898-இல் பிறந்து, யாழ்ப்பாணம் மத்தியக் கல்லூரியிலும் பிறகு கொழும்பிலும் ஆசிரியராக இருந்தவர் ஆபிரகாம் கோவூர். 1963-இல் அவர் விடுத்த சவாலுக்குப் பரிசு ஒரு லட்சம் இலங்கை ரூபாய். ‘சக்தியைக் காட்டு’ என்று பொத்தாம்பொதுவாக அவர் கேட்கவில்லை. பட்டியல் போட்டார். உறைக்குள் மூடி முத்திரையிட்ட ரூபாய் நோட்டின் எண்ணைப் படிக்க வேண்டும். தணலின்மேல் கொப்புளம் வராமல் அரை நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். ஜோசியரானால் பத்து ஜாதகங்களைப் பார்த்து ஆண் யார், பெண் யார், உயிரோடு இருப்பவர் யார், இறந்தவர் யார் என்று பிரிக்க வேண்டும். சவாலுக்கு வருபவர் முன்பணமும் கட்ட வேண்டும். 1978-இல் அவர் இறக்கும்வரை பணம் அவரிடமே இருந்தது. அவருக்குப் பின் அந்தச் சவாலைக் கையில் எடுத்த பசவா பிரேமானந்த், கோவையை அடுத்த போத்தனூரில் இருந்துகொண்டு ‘இண்டியன் ஸ்கெப்டிக்’ பத்திரிகையை நடத்தினார். 2009-இல் மறையும்வரை அவரிடமும் யாரும் பரிசை வெல்லவில்லை.

2008-இல் புனேயில் வானியலாளர் ஜயந்த் நார்லிகரும் நண்பர்களும் செய்தது கோவூர் பட்டியலின் முதிர்ந்த வடிவம் என்பேன். நன்றாகப் படிக்கும் 100 பிள்ளைகள், மனவளர்ச்சி குன்றிய 100 பிள்ளைகள் ஆகியோரின் ஜாதகங்களைச் சேகரித்தார்கள். கலந்த 40 ஜாதகங்களை ஒவ்வொரு ஜோசியருக்கும் அனுப்பி, எது எந்த வகை என்று கேட்டார்கள். 40-க்கு 28 சரியாக இருந்தால் தேர்ச்சி என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். விடை அனுப்பியவர்கள் 27 பேர். அதிகபட்சம் 24. சராசரி 17.25. பூவா தலையா போட்டிருந்தால் 20 வந்திருக்கும். அந்தக் குழுவில் இருந்த மூடநம்பிக்கை எதிர்ப்பாளர் நரேந்திர தாபோல்கர் 2013-இல் புனே தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். கேள்வி கேட்பதற்கு நம் நாட்டில் என்ன விலை என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டாம்.

‘நம்பிவிட்டுப் போகட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்?’ என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்காக ஈராக் கதை. ஏடிஇ 651 என்ற பெயரில், வெடிகுண்டு கண்டுபிடிக்கும் கருவி ஒன்றை ஜேம்ஸ் மெக்கார்மிக் என்ற பிரிட்டன் வியாபாரி விற்றார். ஒரு பிளாஸ்டிக் கைப்பிடி, அதில் தளர்வாக ஆடும் ஒரு ஆன்டெனா. உள்ளே மின்சுற்று எதுவும் கிடையாது. காணாமல்போன கோல்ஃப் பந்தைத் தேடித் தருவதாகச் சொல்லி 20 டாலருக்கும் குறைவாக விற்ற ஒரு விளையாட்டுப் பொருள்தான் இதன் மூலம். ஈராக் அரசு ஒன்றுக்குப் பல ஆயிரம் டாலர் கொடுத்து வாங்கிப் பாக்தாத் சோதனைச் சாவடிகளில் சிப்பாய்கள் கையில் கொடுத்தது. 2009 ஆகஸ்டிலும் அக்டோபரிலும் சாவடிகளைத் தாண்டி நகருக்குள் புகுந்த வெடிகுண்டு வண்டிகள் 200-க்கும் மேற்பட்டோரைக் கொன்றன. மெக்கார்மிக்குக்கு 2013-இல் லண்டன் நீதிமன்றம் 10 ஆண்டு சிறை விதித்தது. நிரூபித்துக் காட்டினால் 10 லட்சம் டாலர் தருகிறேன் என்று ராண்டி 2008-லேயே அந்தக் கருவிக்குச் சவால் விட்டிருந்தார். பதில் வரவில்லை.

விற்றவர் திருடர். ஆனால் சாவடியில் வெயிலில் நின்ற சிப்பாய் திருடரில்லை. அவர் கையில் ஆன்டெனா ஆடியதும் நிஜம், அது அவர் மணிக்கட்டால் ஆடியதும் நிஜம். ஃபாரடேயின் மேசைதான் துப்பாக்கி ஏந்தி நின்றது. பத்து மூடிய பெட்டிகளில் ஒன்றில் மட்டும் வெடிமருந்தை வைத்து, எது என்று கேட்டிருந்தால் ஒரு காலைப் பொழுதில் உண்மை தெரிந்திருக்கும். கொள்முதல் உத்தரவில் கையெழுத்துப் போட்டவர்கள் அந்தக் காலைப் பொழுதைச் செலவழிக்கவில்லை.

இதைச் செய்ய விஞ்ஞானி வேண்டியதில்லை. பத்து வாளிகளை மூடிவைத்து ஒன்றில் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். முதலில் எது என்று காட்டிவிட்டே நீரோட்டம் பார்ப்பவரைக் கம்பியைப் பிடிக்கச் சொல்லுங்கள்; கம்பி ஆடும், ‘இன்று சக்தி நன்றாக வேலை செய்கிறது’ என்று அவரே சொல்வார். அதை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அவரும் பார்க்காமல், அவரோடு நிற்பவருக்கும் தெரியாமல் வாளியை மாற்றி மாற்றிப் பத்து முறை கேளுங்கள். குருட்டாம்போக்கில் சொன்னால் ஒன்று தேறும், இரண்டு தேறலாம். பத்துக்கு ஏழு அதிர்ஷ்டத்தால் வருவது லட்சத்தில் ஒருவருக்கு வாய்த்தாலே அதிகம். ஏழு வந்தால் அவர் ஜெயித்தார். அதையும் நீங்கள் முன்பே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். தோற்றால் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஜெயித்தால் நாம் மழுப்புவோம் என்றால் அது சோதனை ஆகாது.

காசலில் தோற்றவர்கள் கம்பியைத் தூக்கி எறிந்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. தன் கையிலேயே ஆடிப் பார்த்ததை எந்த எண்ணும் லேசில் பொய்யாக்கிவிடாது. சோதனை அவர்களுக்காக நடப்பதும் இல்லை. அவர்கள் சொல்லை நம்பிப் பணத்தையோ உயிரையோ வைக்கப்போகிறவருக்காக நடக்கிறது. அவர் கேட்க வேண்டியது ஒன்றுதான்: “எத்தனை முறை தப்பினால், எனக்கு இந்தச் சக்தி இல்லை என்று ஒப்புக்கொள்வீர்கள்?” ஒரு எண்ணைச் சொல்பவரோடு மேற்கொண்டு பேசலாம். எண் சொல்லாதவருக்கு ஒரு வாய் மோர் கொடுத்து, பஸ் ஏற்றிவிடலாம்.