சங்கர்லாலுக்குத் திறந்த கதவுகள்

நான் படித்த முதல் துப்பறியும் நாவலுக்கு அட்டை கிடையாது. பழைய பேப்பர் கடைக்கு எடைக்கு வந்த புத்தகம் அது. துப்பறிவாளர் சங்கர்லால் விமானத்தில் வந்து இறங்குவார், ஓட்டலில் அறை எடுப்பார், தேநீர் குடித்தபடி யோசிப்பார், கடைசியில் குற்றவாளியைப் பிடிப்பார். பாம்பன் பாலத்தைத் தவிரப் பெரிதாக எதையும் பார்த்திராத எனக்கு, வெளிநாட்டு நகரங்கள் அந்தத் தாள்களில்தான் அறிமுகமாயின. அந்தச் சந்தோஷத்தை இன்றும் நான் மறுக்கவில்லை.

சங்கர்லாலைப் படைத்த தமிழ்வாணன் எங்கள் பக்கத்துக்காரர். 1926இல் தேவகோட்டையில் பிறந்தவர். இன்று சிவகங்கை மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊர், அன்று இராமநாதபுரம் மாவட்டம். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமே அவரது அடையாளம். 'கல்கண்டு' இதழின் ஆசிரியராக இருந்து, 1977இல் இறக்கும்வரை எழுதிக்கொண்டிருந்தார். தமிழ் மர்மக் கதையை ஊர் ஊராக, நாடு நாடாகச் சுற்றவைத்ததில் அவருக்கு முக்கிய இடமுண்டு.

ஆய்வுக்காக ஜே.எச். ஹட்டனின் சாதி பற்றிய நூலைப் படித்தபோதுதான் எனக்கு இந்த இரண்டும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய அந்த அதிகாரி, இராமநாதபுரம் மாவட்டத்தில் 1930 டிசம்பரில் ஆதிதிராவிடர்மீது கள்ளர் சாதியினர் விதித்த எட்டுத் தடைகளைப் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் சட்டையோ பனியனோ போடக் கூடாது, முடியைக் கிராப்பு வெட்டிக்கொள்ளக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது. பெண்கள் மேலாடை உடுத்தக் கூடாது, பூச்சூடக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் மட்டுமே புழங்க வேண்டும். மீறியவர்கள் தாக்கப்பட்டார்கள். 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகளைப் படிக்கவைக்கக் கூடாது என்பதும் அதில் ஒன்று.

அப்போது தமிழ்வாணனுக்கு வயது நான்கு, ஐந்து. அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரே மாவட்டத்தில் ஒரு குழந்தை வளர்ந்து தொப்பி அணிந்து உலகம் அறிந்த துப்பறிவாளனை எழுத முடிந்தது. அதே வயதுள்ள இன்னொரு குழந்தைக்குச் சட்டையும் எழுத்தும் மறுக்கப்பட்டன. தமிழ் மர்ம நாவலின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த இரண்டாவது குழந்தையைப் பற்றிப் பேசுவதே இல்லை.

துப்பறிவாளன் என்பவன் யார்? எந்த வீட்டுக் கதவையும் தட்டி, யாரிடமும் கேள்வி கேட்கக்கூடியவன். சங்கர்லால் என்ற பெயரில் சாதி தெரியாது. கதையில் யாரும் அதைக் கேட்பதும் இல்லை. அவருக்கு எல்லாக் கதவும் திறக்கும். எங்கள் கிராமங்களில் ஒரு தலித் இளைஞர் ஊர்த்தெருவுக்குள் போய் "நேற்று இரவு எங்கே இருந்தீர்கள்?" என்று ஒருவரிடம் கேட்டுவிட முடியுமா? இரட்டைக் குவளை வைத்திருந்த தேநீர்க் கடையில் அவருக்கு எந்தக் குவளை வந்திருக்கும்?

தேநீர் என்றதும் இன்னொரு பயணத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தக் கடற்கரையிலிருந்து வெளிநாடு போனவர்கள் கொஞ்சநஞ்சம் பேர் அல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளர்களை மண்டபம் முகாமில் அடைத்துவைத்து, நோய்ச் சோதனை முடித்த பிறகே தனுஷ்கோடி வழியாகத் தலைமன்னாருக்குக் கப்பலேற்றினார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதியினர். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அவர்களின் பேரப்பிள்ளைகள் இதே கரையில் வந்து இறங்கினார்கள். 1983க்குப் பிறகு அகதிகளும் இதே முகாமுக்கு வந்தார்கள். இதுவும் உலகப் பயணம்தான். காணாமல் போனவர்கள், மாறிப்போன பெயர்கள், தொலைந்த காகிதங்கள் என்று ஒரு மர்ம நாவலுக்கு வேண்டியதெல்லாம் இங்கே இருக்கிறது. ஆனால் தமிழ் மர்ம நாவல் விமான நிலையத்துக்குப் போனதே தவிர மண்டபம் முகாமுக்குள் வரவில்லை.

சாதிக் குற்றத்தில் 'யார் செய்தது?' என்ற கேள்விக்குப் பெரும்பாலும் வேலையே இல்லை. அது ஊருக்கே தெரிந்திருக்கும். முதுகுளத்தூரில் ஆட்சியர் கூட்டிய அமைதிப் பேச்சுவார்த்தைக்கு மறுநாள், 1957 செப்டம்பர் 11 அன்று, பரமக்குடியில் இமானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்தக் கொலையின் காரணம் எந்தத் துப்பறிவாளருக்காகவும் காத்திருக்கவில்லை. இன்று வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கை டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும், அறுபது நாளில் குற்றப்பத்திரிகை தாக்கலாக வேண்டும் என்று விதி இருக்கிறது. அப்படியிருந்தும் முதல் தகவல் அறிக்கையில் ஏன் அந்தப் பிரிவு விடுபடுகிறது? கண்ணால் பார்த்த சாட்சி ஏன் நீதிமன்றத்தில் பிறழ்கிறார்? எங்கள் ஊர்களின் மர்மம் இங்கேதான் இருக்கிறது.

இதை எழுத முடியும் என்பதற்கு முன்மாதிரி உண்டு. கறுப்பின எழுத்தாளர் செஸ்டர் ஹைம்ஸ் அமெரிக்க நிறவெறியைச் சகிக்காமல் 1953இல் ஐரோப்பாவுக்குப் போனார். பாரிஸில் இருந்துகொண்டு பாரிஸ் கொலைகளை அவர் எழுதவில்லை. நியூயார்க்கின் ஹார்லெமையும், அதன் தெருக்களில் அலையும் இரண்டு கறுப்பினத் துப்பறிவாளர்களையும் எழுதினார். முதல் நாவல் வந்தது 1957இல், பரமக்குடியில் இமானுவேல் சேகரன் கொல்லப்பட்ட அதே ஆண்டில். மறு ஆண்டே பிரான்சின் துப்பறியும் இலக்கியப் பரிசு அதற்குக் கிடைத்தது. தொலைவு அவருக்குத் தன் தெருவை இன்னும் தெளிவாகக் காட்டியது.

நம் பிள்ளைகளும் இன்று சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போகிறார்கள். பல்கலைக்கழகங்களுக்கும் போகிறார்கள். அவர்களில் யாராவது மர்மக் கதை எழுத உட்கார்ந்தால், வெளிநாட்டு ஓட்டல் அறையை எழுத வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். தாராளமாக எழுதட்டும். அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் துப்பறிவாளர் முதுகுளத்தூர் பக்கத்துச் சேரியில் பிறந்தவராக இருக்கட்டும். ஒரு வழக்குக்காக அவர் ஊர் திரும்பட்டும். எந்தக் கதவு அவருக்குத் திறக்கிறது, எது சாத்தப்படுகிறது என்று மட்டும் உண்மையாக எழுதினால் போதும். குற்றவாளி யார் என்பது வாசகருக்கு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டாலும், கடைசிப் பக்கம்வரை கீழே வைக்காமல் படிப்பார்.