தகட்டுக்கு வெப்பமானி, தொழிலாளிக்கு நாட்காட்டியா?

வளைகுடாவின் கொளுத்தும் வெயில் இன்று மின்சாரமாக மாறுகின்றது. அபுதாபியின் சுவைஹானில் 2019இல் இயங்கத் தொடங்கிய நூர் அபுதாபி நிலையத்தில் ஏறத்தாழ 32 இலட்சம் சூரியத் தகடுகள் உள்ளன. அதன் திறன் 1,177 மெகாவாட். 2023 நவம்பரில் திறக்கப்பட்ட அல் தஃப்ரா நிலையத்தின் திறனோ 2,000 மெகாவாட். எண்ணெயால் செழித்த ஐக்கிய அரபு அமீரகம் மாற்று எரிசக்தியின் பக்கம் திரும்பியிருப்பது பாராட்டுக்குரியதே.

ஆனால் இத்தகைய கட்டுமானங்களைத் தோளில் சுமப்போர் யார்? பெரும்பாலும் தெற்காசியத் தொழிலாளர்கள்; தமிழரும் அவர்களுள் அடக்கம். ஜூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை, நண்பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்குதல் அங்கு தடைசெய்யப்பட்டுள்ளது. மீறினால் தொழிலாளி ஒருவருக்கு 5,000 திர்ஹம் அபராதம். உச்சவரம்பு 50,000 திர்ஹம். அதாவது, பத்துப் பேரை வாட்டினாலும் நூறு பேரை வாட்டினாலும் தண்டம் ஒன்றே! காலை பதினொரு மணி வெயில் சுடாதா? செப்டெம்பர் 16 அன்று பாலைவனம் குளிர்ந்துவிடுமா?

வெப்பம் ஏற ஏறச் சூரியத் தகட்டின் மின்னுற்பத்தி குறையும். அந்த இழப்பைப் பொறியாளர்கள் பாகை பாகையாகக் கணக்கிடுகின்றனர். தகட்டுக்குக் கிடைத்த அந்த அக்கறை மனித உடலுக்குக் கிடைக்கவில்லை.

வேறு வழியில்லை என்போர் அண்டையிலுள்ள கத்தாரைப் பார்க்கட்டும். உலகக் கால்பந்துக் கோப்பையை ஒட்டி எழுந்த கண்டனங்களின் நடுவே, 2021இல் அந்நாடு கோடைகாலத் தடையைக் காலை 10 முதல் பிற்பகல் 3.30 வரை நீட்டியது. வெப்பம், ஈரப்பதம், காற்று, வெயில் ஆகியவற்றைச் சேர்த்துக் கணிக்கும் அளவு 32.1 பாகையைத் தாண்டினால் எந்த நேரமாயினும் வெளிவேலை நிறுத்தப்பட வேண்டும் என்றும் விதித்தது. அச்சட்டமும் குறையற்றதன்று; எனினும், உலகம் உற்றுநோக்கினால் சட்டம் மாறும் என்பதை அது மெய்ப்பித்தது.

அமீரகத்தில் தொழிற்சங்கம் அமைக்க இடமில்லை, வேலைநிறுத்தத்திற்கும் அனுமதியில்லை. ஆகவே, பேச இயலாதோருக்காகப் பேசும் கடமை சுதந்திர நாடுகளில் வாழும் தமிழருடையது. பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு வளைகுடாவின் வானுயர்ந்த கோபுரங்களை மட்டும் காட்டுதல் போதாது. அவற்றைக் கட்டிய கைகளையும் காட்ட வேண்டும். சுற்றுச்சூழலுக்காகக் குரலெழுப்பும் இளையோர், தம் மக்கள் பிரதிநிதிகளிடமும் வளைகுடாவில் முதலிடும் நிறுவனங்களிடமும் ஒன்றைக் கேட்கட்டும்: வெப்பத்தை அளந்து வேலையை நிறுத்தும் விதி அமீரகத்தில் எப்போது வரும்?

மாசற்ற மின்சாரம் என்னும் பெயர், அதுவரை அரைகுறையானதே.